என் ஆள்காட்டி விரலும் ஏழு பூசணிப் பிஞ்சுகளும்

என் வலது கை ஆள்காட்டி விரலில் விஷம் இருக்கிறது என்று ஒரு கோடை முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினேன். நம்பினதோடு விட்டேனா? அந்த விரலுக்கு மஞ்சள் தோய்த்த துணியைச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் தினமும் ஆபீஸ் போய்வந்தேன். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பி.காம். பாஸ் பண்ணியிருந்தேன். என்னை நம்பி ஒரு மேஜை, ஒரு நாற்காலி, இழுத்தால் வராத ஒரு டிராயர் எல்லாம் கொடுத்திருந்தார்கள்.

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி வத்சலா, "உங்க மானத்தை வாங்கிக்கறதுன்னா நீங்க மட்டும் வாங்கிக்குங்க, என்னை எதுக்கு இழுக்கறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் இந்த வாரம் பூசணிக்காயைப் பற்றி மட்டும் எழுதலாமென்று உட்கார்ந்தேன். ஆனால் பாருங்கள், பூசணிக்காய்க்குப் போட்ட பவுடர் அவளுடையது. என்ன செய்ய?

விரல் நீட்டிய கதை

எண்பதுகளின் கடைசியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் தாண்டி உள்ளே தள்ளி, தெய்வானை அக்கா வீட்டின் பின் போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். அக்கா குடும்பம் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகி, பிளாட்டெல்லாம் நகராகி, கடைசியில் அக்காவுக்கு மிஞ்சியது வீடு, கிணறு, பின்னால் கொஞ்சம் தோட்டம். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகளை ஊரப்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்.

தோட்டத்தில் ஒரு சாம்பல் பூசணிக் கொடி இருந்தது. கல்யாணத்துக்குக் கூட்டு வைப்போமே, வாசலில் திருஷ்டிக்கு உடைப்போமே, அந்த வெள்ளைப் பூசணி. சவுக்குக் கம்பு நட்டு, பந்தல் போட்டு, அங்கிருந்து குளியலறை ஆஸ்பெஸ்டாஸ் கூரை வரைக்கும் ஏற்றிவிட்டிருந்தார் அக்கா.

சித்திரை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். காலையில் பல் விளக்கிக்கொண்டே பந்தலடியில் போய் நின்றேன். இலை இடுக்கில் சின்னச் சின்னதாகப் பிஞ்சுகள். உடம்பெல்லாம் வெள்ளை ரோமம். நுனியில் இன்னும் விரியாத மொட்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அக்கா! இதோ ஒண்ணு... ரெண்டு... அங்க மூணு..." என்று விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தேன்.

ஏழு என்று சொல்லும்போது அக்கா கையிலிருந்த முறத்தோடு ஓடி வந்தார்.

"கைய மடக்கு தம்பி! மொதல்ல கைய மடக்கு!"

"என்னக்கா, பாம்பா?"

"பிஞ்ச பாத்து வெரல் நீட்டுவியா? வெம்பிப் பூடும்! காட்டணும்னா வெரல மடக்கினு முட்டியால காட்டணும். இதுகூடத் தெரியாதா, படிச்ச புள்ள நீ?"

பி.காம். பாடத்திட்டத்தில் இது இல்லை. விரலை மடக்கி முட்டியால் ஒருமுறை ஏழையும் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அக்கா முகம் தெளியவில்லை.

அவர் கவலைக்குக் காரணம் இருந்தது. மகளுக்கு ரெண்டாவது பிரசவம். மறுநாள் அக்கா ஊரப்பாக்கம் கிளம்ப வேண்டும். திரும்ப ஒரு மாதம் ஆகலாம், மேலேயும் ஆகலாம். கொடி என் பொறுப்பு.

"இது வெறும் கொடி இல்ல தம்பி" என்று ஆரம்பித்துத்தான் அக்கா எனக்கு விஷயத்தைச் சொன்னார்.

ஆடி கடைசி ஞாயிறு அந்த ஊர் அம்மனுக்குப் பூசணிக்காய் வெட்டுவார்கள். ஒரே வம்சத்தில் நாலு வீடு. வருஷத்துக்கு ஒரு வீட்டு முறை. காய் கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது. அந்த வீட்டுக் கொடியில் காய்த்ததாக இருக்க வேண்டும். அந்த வருஷம் அக்கா வீட்டு முறை.

அதில்தான் வில்லங்கம். பக்கத்து வீட்டு ஏகாம்பரம், அக்கா வீட்டுக்காரருக்குப் பங்காளி, தம்பி முறை. "ஆம்பளை இல்லாத வூட்டுக்கு மொறை எதுக்கு?" என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டுவிட்டார். பெரியவர்கள் கலந்து பேசி, "கொடி காய்ச்சா அவங்க மொறை. காய்க்கலன்னா அடுத்த வூட்டுக்குப் பூடும். அதுக்கப்பறம் கேக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார்கள். அடுத்த வீடு ஏகாம்பரம் வீடு. அன்றிலிருந்து அக்காவும் ஏகாம்பரமும் பேசிக்கொள்வதில்லை.

"ஒரு காய் போதும் தம்பி. ஒரே ஒரு காய். நாப்பது வருசம் இந்த வூட்ல கூழ் காச்சி ஊத்திக்கிறேன். கடைசில மதில்மேல நின்னு வேடிக்க பாக்க வெச்சிடாத."

"கவலையே படாதீங்கக்கா. ஏழு காய் இருக்கு" என்றேன். சொல்லும்போது விரல் தானாக நீளப் பார்த்தது. இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

ஓரிரு இடங்களில்

கோடையில் ஒரு கொடியைப் பார்த்துக்கொள்வது என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன். ஆபீஸில் மூன்று பேர் செய்கிற வேலை அது. ஆபீஸில் அந்த மூன்று பேரும் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

விடியுமுன் கிணற்றில் எட்டுக் குடம் இறைக்க வேண்டும். கிணறு சித்திரையில் தன் அடிவயிற்றைக் காட்டிக்கொண்டிருக்கும். வாளி தரை தட்டி, பாதிச் சேறும் பாதித் தண்ணீருமாக மேலே வரும். வேரைச் சுற்றித் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கி, அதன்மேல் தண்ணீர் விட வேண்டும். அரிசி களைந்த தண்ணீரும் கொடிக்குத்தான். இலையில் சிவப்பு வண்டு உட்கார்ந்தால் அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும். முதல் நாள் காற்றுக்கு எதிரே நின்று தூவினேன். வண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. நான் விபூதிச் சாமியாராக ஆபீஸ் போனேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வானம்தான் என்னை வைத்து விளையாடியது.

காலையில் பார்த்தால் கிழக்கே கருகும்மென்று மேகம். சரி, மழை வரும், எட்டுக் குடம் மிச்சம் என்று குளித்துவிட்டுக் கிளம்புவேன். ரயில் பல்லாவரம் தாண்டுவதற்குள் மேகம் போன இடம் தெரியாது. பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். சாயங்காலம் வந்து பார்த்தால் கொடி இலையெல்லாம் நனைத்துப் பிழிந்த துணி மாதிரி தொங்கும். பதறிப்போய், சட்டையைக்கூடக் கழற்றாமல் எட்டுக் குடம் இறைத்து ஊற்றுவேன். எட்டாவது குடத்தைக் கவிழ்த்து நிமிர்கிறேன், தலையில் 'சொட்'. அப்புறம் அரை மணி நேரம் அடித்துக் கொட்டும்.

வத்சலா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு குடம் ஊத்துங்களேன், புயலே வரும்" என்பாள்.

ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்க ஆரம்பித்தேன். "வானம் பொதுவாக மேகமூட்டத்துடன் காணப்படும். ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம்." அந்த ஓரிரு இடம் எங்கே இருக்கிறது என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தக் கோடையில் கண்டுபிடித்துவிட்டேன். ஓரிடம் எங்கள் தோட்டம், நான் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு. இன்னோரிடம் எங்கள் மொட்டை மாடி, வத்சலா வடாம் காயவைத்த பிறகு.

சம்பத்தின் யோசனை

என் ரயில் சிநேகிதன் சம்பத் உலகத்தில் எல்லாவற்றுக்கும் யோசனை சொல்வான். குரோம்பேட்டையில் ஏறுவான். மாடி வீட்டில் குடியிருந்தான். அவன் வளர்த்தது மீசை மட்டும்தான்.

அக்கா ஊருக்குப் போன அன்று அவனிடம் பெருமையாகச் சொன்னேன். "கொடி பூரா பூ, மச்சான். ஆனா எல்லாப் பூவும் காய்க்க மாட்டேங்குது. நீட்டுக் காம்பு, கீழ பிஞ்சு கிடையாது. பூத்துட்டு சாயங்காலம் வாடிப் போயிடுது. பத்துல எட்டு அப்படித்தான்."

சம்பத் கண்ணை மூடி யோசித்தான்.

"உங்க ஆபீஸ்ல வேலையே செய்யாம சம்பளம் வாங்கறவன வெச்சுப்பாங்களா?"

"அப்படித்தானே எங்க எல்லாரையும் வெச்சிருக்காங்க."

"அது அரசாங்கம். நீ தோட்டக்காரன். காய்க்காத பூவெல்லாம் தண்ணியக் குடிச்சுட்டு சும்மா நிக்குது. இந்த வெயில்ல அதுங்களுக்கு வேற பங்கு குடுப்பியா? தினம் காலைல கிள்ளிப் போடு. அத்தனை சத்தும் பிஞ்சுக்குப் போகும்."

கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருந்தது! மறுநாள் முதல் காலையில் ஒரு கூடையோடு பந்தலடியில் நுழைவேன். வெட்டிப் பூ ஒன்று விடாமல் கிள்ளுவேன். மஞ்சள் மஞ்சளாகக் கூடை நிறையும். கொண்டுபோய் எருக்குழியில் கொட்டுவேன். மதிலுக்கு அந்தப் பக்கம் வேப்பங்குச்சியோடு நிற்கும் ஏகாம்பரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"இன்னா சார், பூ வியாபாரமா?"

"இல்லண்ணே, வெட்டிப் பூ. கிள்ளிவிட்டா காய் நல்லா பிடிக்கும்."

அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் திரும்பிக்கொண்டு இருமினார். ரொம்ப நேரம் இருமினார். பாவம், புகையிலைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷ விரல்

அடுத்த வாரத்துக்குள் ஏழு பிஞ்சும் விழுந்துவிட்டன.

முதலில் ஒன்று மஞ்சளானது. தொட்டேன், கையோடு வந்துவிட்டது. மறுநாள் இரண்டு. பிறகு ஒன்று. கடைசிப் பிஞ்சு விழுந்த அன்று நான் ஆபீஸ் போகவில்லை. ஏழையும் ஒரு தாம்பாளத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"கேஸ் ரொம்ப சிம்பிள்" என்றேன் வத்சலாவிடம். "எத்தனை பிஞ்சைக் காட்டினேன்?"

"ஏழு."

"எத்தனை விழுந்தது?"

"ஏழு."

"அப்புறம் என்ன?"

"அதுக்கு ஏன் விரலை அப்படி தூரமா நீட்டி வெச்சிருக்கீங்க? அது என்ன துப்பாக்கியா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா கிளம்பும்போது மதிலைப் பார்த்த பார்வை கண்ணில் நின்றது. அன்றைக்கே மஞ்சள் துணிக் கட்டு ஏறியது.

ஆபீஸில் என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்றேன். நாலு விரலால் பேனா பிடித்ததில் என் கையெழுத்து மாறி, வருகைப் பதிவேட்டில் சந்தேகம் வந்து கூப்பிட்டு விசாரித்தார்கள். ரயிலில் ஒருவர் "மாம்பலம் எந்தப் பக்கம் சார் வரும்?" என்று கேட்டதற்கு முகவாயால் காட்டினேன். அவர் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

நடுவில் ஒரு கெட்ட புத்தியும் வந்தது. இவ்வளவு சக்தி இருக்கிற விரலை வீணாக்குவானேன்? ஒருநாள் மதியம் கட்டை அவிழ்த்து, ஃபைலுக்குப் பின்னாலிருந்து எங்கள் மேலதிகாரியைக் குறிபார்த்து நீட்டினேன். நிறுத்தி நிதானமாக, முழுசாக ஒரு நிமிஷம். அடுத்த மாதமே அவருக்குப் பதவி உயர்வு வந்தது. ஆகவே விரல் காய்கறிக்கு மட்டும்தான் வேலை செய்கிறது என்று முடிவு செய்தேன்.

முக்காடு

வைகாசி நெருங்கும்போது கொடியில் மறுபடி பிஞ்சு வைத்தது. இந்தமுறை நான் எண்ணவே இல்லை. கண்ணால் பார்க்கவும் பயந்தேன். என் விரல் ஒரு பக்கம், ஏகாம்பரத்தின் கண் ஒரு பக்கம். அவர்தான் தினமும் மதிலோரம் நிற்கிறாரே!

பந்தலில் ஒரு பழைய செருப்பைத் தொங்கவிட்டேன். போதுமென்று தோன்றவில்லை. வத்சலாவின் கிழிந்த வாயில் புடவையைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு பிஞ்சையும் மொட்டோடு சேர்த்து மூடி, காம்பில் நூலால் கட்டினேன். வெயில் படாது, வண்டு வராது, பங்காளி பார்வையும் படாது. ஒரே கல்லில் மூன்று மாங்காய் என்று எனக்கு ஏகப்பட்ட திருப்தி. வெட்டிப் பூ கிள்ளும் திருப்பணியும் ஒருநாள் விடாமல் நடந்தது.

ஏகாம்பரம் பார்த்தார். "இன்னா சார், பூவுக்கெல்லாம் முக்காடு போட்டுக்கிற?"

"வெயிலுக்குண்ணே."

"நல்லா போடு, நல்லா போடு. காத்துகூட பூராத மாரி போடு" என்றவருக்கு மறுபடி இருமல் வந்துவிட்டது.

முக்காடு போட்டவையும் ஒவ்வொன்றாக வெம்பின. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கறுத்து, சூம்பி, ஊறுகாய் மாதிரி. நான் விரலை நீட்டவே இல்லையே! கட்டுக்குள் இருந்தபடியே வேலை செய்கிறதா? இரண்டாவது துணி சுற்றினேன்.

அப்போதுதான் பால்காரர் தகவல் கொண்டுவந்தார். அக்கா மகளுக்கு ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டிக்கு அக்கா வருகிறார், கொடியைப் பார்த்துவிட்டுப் போக.

ஏழு கிலோ

சனிக்கிழமை சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட்டில் நான் செய்த காரியத்துக்கு இன்றுவரை எனக்கே காரணம் தெரியாது. பயந்தவன் புத்தி பாதாளம் வரை பாயும் போலிருக்கிறது. ஒரு வெள்ளைப் பூசணி வாங்கினேன். சின்னதாக வாங்கியிருந்தால்கூட ஏதோ சொல்லலாம். கடைக்காரர் "இது நல்லா கீது சார், கல்யாணத்துக்கே தாங்கும்" என்றார். ஏழு கிலோ.

தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததில் அதன்மேலிருந்த சாம்பல் பூச்செல்லாம் என் சட்டைக்கு வந்துவிட்டது. காய் பச்சையாக, வழுக்கையாக, குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. சாம்பல் இல்லாத சாம்பல் பூசணியை எவர் நம்புவார்? வத்சலாவின் சந்தன வாசனைப் பவுடர் டப்பாவை எடுத்தேன். பாதி டப்பா பிடித்தது. பஞ்சால் ஒற்றி ஒற்றி, கல்யாணப் பெண்ணுக்குப் போடுவது போல் போட்டேன். சாக்கு நூலில் உறி கட்டி, பந்தலில் தொங்கவிட்டு, காம்பைக் கொடியோடு சேர்த்து வாழைநாரால் கட்டினேன்.

"ஒரு மாசத்துல ஏழு கிலோவா?" என்றாள் வத்சலா.

"நல்லா தண்ணி ஊத்தினோமில்ல?"

அவள் பவுடர் டப்பாவை ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை

அக்கா வந்தபோது வானம் மூட்டமாக இருந்தது. பையைக்கூட வைக்காமல் நேரே தோட்டத்துக்குப் போனார். நான் பின்னாலேயே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

அக்கா பூசணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பூசணியைப் பார்த்தார். கிட்டே போய் மூக்கை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து, ஓரிரு இடங்களில் பெய்யலாம் என்ற மழை நாலு சொட்டு பெய்தது. நாலே சொட்டு. பூசணியின் நெற்றியிலிருந்து பால் பாலாக இரண்டு கோடு இறங்கி, நுனியில் சேர்ந்து, அக்காவின் கால் கட்டைவிரலில் விழுந்தது. மழை நின்றுவிட்டது.

"தம்பி" என்றார் அக்கா. "இது எந்தக் கடைக் காய்?"

நான் அழுதுவிட்டேன். ஆமாம், அதையும் எழுதிவிடுகிறேன். கட்டை அவிழ்த்து விரலைக் காட்டி, "இதாலதான்கா. எல்லாம் போச்சுக்கா" என்றேன்.

அக்கா திட்டவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து மெல்லத் தலையைத் தூக்கிக் கொடி நெடுகப் பார்த்தார்.

"பூவெல்லாம் எங்க?"

"எதுக்கா? வெட்டிப் பூவா?"

"நீட்டுக் காம்புப் பூ. ஒண்ணுகூட காணோமே."

இதில் மட்டுமாவது நல்ல பேர் வாங்கலாம் என்று எருக்குழிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். அன்று விடியற்காலை கிள்ளியது மேலாகக் கிடந்தது. முந்தாநாள் மழையில் ஊறின சேற்றில் கிடந்து, கூழாகியிருந்தது. அதற்கடியில் ஒரு மாதத்துப் பூ.

"தெனம் கிள்ளினியா?"

"ஒருநாள் விடலக்கா."

"அதாண்டா ஆம்பளப் பூ!"

அக்கா என்னை 'டா' போட்டது அன்று ஒருநாள்தான். பந்தலுக்குத் திரும்பி வந்து ஒரு துணி மூட்டையைத் தொட்டார். "இது இன்னாது?"

"பிஞ்சு. கண்ணு படாம..."

"பூச்சி படாமன்னு சொல்லு." அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆம்பளைங்கள எல்லாம் ஊர உட்டே தொரத்திட்ட. பொம்பளைங்கள மூட்ட கட்டி உள்ள வெச்சுட்ட. அப்பால கொயந்த எப்டிப்பா பொறக்கும்?"

ஒரு மாதமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா பரபரவென்று மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மூன்றில் அன்று காலைதான் பூ விரிந்திருந்தது. துணிக்குள் இருந்ததால் மழை படாமல் உலர்ந்திருந்தது. அந்தக் கோடையில் என்னால் நடந்த ஒரே நல்லது அது.

"இன்னிக்கு உட்டா இன்னொரு தபா எப்ப பூக்குமோ, ஆடிக்குள்ள முத்தாது. வெயில் ஏறிச்சுன்னா இது மூடிக்கும். மழ வந்தாலும் போச்சு." அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். ஏகாம்பரத்தின் கொடியில் நீட்டுக் காம்பில் மஞ்சள் மஞ்சளாக நின்றன. "போயி கேட்டு வாங்கினு வா."

"எகிறிக் குதிச்சு நாலு பறிச்சுட்டு..."

"திருட்டுப் பூவுல காய்ச்சத அம்மனுக்கு வெப்பனா? கேட்டு வாங்கு."

மதிலுக்கு அந்தப் பக்கம்

ஏகாம்பரம் கயிற்றுக் கட்டிலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நின்றேன்.

"அண்ணே, ஒரு மூணு பூ வேணும்."

"எதுக்கு சார்? கிள்ளிப் போடறதுக்கு உங்க வூட்ல தீந்துடுச்சா?"

"தப்புப் பண்ணிட்டேண்ணே."

"இன்னா தப்பு? மொதல்லேந்து சொல்லு."

வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. நான் சொன்னேன். சம்பத்தைச் சொன்னேன், கூடையைச் சொன்னேன், முக்காட்டைச் சொன்னேன். பவுடரைச் சொல்லும்போது அவருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. கட்டிலில் கையால் அடித்து அடித்துச் சிரித்தார். "பவுடரு! பூசணிக்கி பவுடரு! எந்தப் பவுடரு சார், அத்தயும் சொல்லிடு..." ஒரு மாதமாக அடக்கிவைத்த சிரிப்பு. இருமலே இல்லை அந்த மனிதருக்கு.

"ஏகாம்பரம்."

மதிலுக்கு மேலே அக்கா தலை தெரிந்தது. ஏகாம்பரத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

"பாத்துகினுதான இருந்த?"

"பாத்துகினுதான் இருந்தேன் அண்ணி."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"கேட்டாத்தான சொல்றது."

"இப்ப கேக்கறேன். பூ குடு."

ஏகாம்பரம் டீ கிளாசைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். தூரத்தில் சடசடவென்று எங்கோ தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது.

"அண்ணிகிட்ட தோத்தா தோத்துட்டுப் போறேன்" என்றார் கடைசியில். "இந்த ஆளு புண்ணியத்துல எனக்கு மொறை வந்துச்சுன்னு வெளில தெரிஞ்சா, கோயில்ல நான் தல நிமிந்து நிக்க முடியுமா? எத்தினி வோணும்?"

"மூணு."

அவரே எழுந்து போய்ப் பார்த்துப் பார்த்து அஞ்சு பறித்தார். தோள் துண்டில் பொத்திக்கொண்டு, வாசல் வழியாகச் சுற்றி வராமல், மதிலேறி எங்கள் பக்கம் குதித்தார். அக்கா பூவின் இதழைப் பின்பக்கமாக மடக்கிக் கிழித்துவிட்டு, நடுவிலிருந்த மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதைத் தேய்க்கும்போது மழை வந்துவிட்டது.

"கொடை!" என்றார் அக்கா.

ஒரு குடைதான் இருந்தது. ஒரு பூவுக்கு வத்சலா பிடித்தாள். ஒரு பூவுக்கு ஏகாம்பரம் அந்தத் துண்டையே கூடாரமாகப் பிடித்தார். கூரை ஓரத்துப் பூவுக்கு நான் அண்டாவின் மூடியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் நின்றேன். மழை முக்கால் மணி நேரம் பெய்தது. யாரும் அசையவில்லை.

"அண்ணி, நல்லா கேட்டுக்க" என்று ஏகாம்பரம் மழைக்குள்ளிருந்து கத்தினார். "மாப்ள எங்க வூட்டாளு!"

"பூவ ஒயுங்கா புடி. பேச்சு அப்பால" என்றார் அக்கா.

நான் பிடித்த பூவும் வத்சலா பிடித்த பூவும் அந்த வாரமே மஞ்சளாகி விழுந்தன. ஏகாம்பரம் பிடித்தது நின்றது. ஆனி பூராவும் அது பருத்தது. ஆடி கடைசி ஞாயிறு, முத்தி, வெள்ளை பூத்து, நாலு கிலோவுக்குக் குறையாமல் இருந்தது. தெய்வானை அக்கா அதைத் தலையில் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போனார். அங்கே ஒரு வழக்கம், காய் யார் வீட்டுக் கொடியில் காய்த்தது என்று பெரியவர் கேட்பார். கொண்டுவந்தவர் சொல்லக் கூடாது. அடுத்த முறைக்காரர்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

பெரியவர் கேட்டார்.

"அண்ணி வூட்டுக் கொடி" என்றார் ஏகாம்பரம்.

அக்கா காயை இறக்கி வைத்தார். வெட்டினார்கள்.